முப்பதில் வந்த சலவை வண்டி

பெயர்: யோருன் ஹௌகன். வயது: 46. தொழில்: சலவையக வேன் ஓட்டுநர். விலாசம்: ஆற்றங்கரைத் தெரு, ரோரோஸ், நார்வே.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் மகளுடன் வசித்து வருகிறேன். முதியோர் இல்லத்தின் போர்வைகளையும் விரிப்புகளையும் வெளுத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்குக் கீழுள்ள தெருவில் வந்துகொண்டிருந்தேன். அங்கே முன்பு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகலாம்; சென்ற இலையுதிர்காலத்தில் முப்பதாகக் குறைத்துப் பலகை வைத்தார்கள். அதில் எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் முப்பதில்தான் வந்தேன். பின்னால் ஒரு நீலக் கார் ஒட்டிக்கொண்டே வந்து ஹாரன் அடித்தது. நான் வேகத்தைக் கூட்டவில்லை.

அப்போது வலதுபுறச் சரிவுச் சந்திலிருந்து ஒரு பெரியவர், நாற்காலி பொருத்திய சறுக்கு வண்டியின் பின்னால் நின்றபடி, நேராகத் தெருவுக்குள் வந்துவிட்டார். முந்தின நாள் உருகிய பனி கண்ணாடியாக உறைந்திருந்தது. காலை ஊன்றிப் பார்த்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. நான் பிரேக்கை முழுவதும் அழுத்தினேன். வேன் ஏறக்குறைய நின்றுவிட்ட நிலையில் பம்பர் அவருடைய சறுக்கு வண்டியில் இடித்தது. அவர் ஓரத்துப் பனிக்குவியலில் விழுந்தார்.

அதன் பிறகு நான் இறங்கி அவரிடம் ஓடினேன். அவருக்கு நினைவு இருந்தது. வலது மணிக்கட்டு மட்டும் கோணியிருந்தது. வேனைத் திறந்து போர்வைகளை எடுத்து வந்து போர்த்தினேன். உலர்த்தியின் சூடு அவற்றில் இன்னும் இருந்தது. நீலக் காரில் வந்த இளைஞர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, பனியிலேயே உட்கார்ந்து பெரியவரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். அவர் பெயர் சிந்த்ரே என்று பிறகு தெரிந்தது. "அக்கா, நான் முன்னாடி வந்திருந்தா ஐம்பதுலதான் வந்திருப்பேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பெரியவர் என்னிடம், "எவ்ளோ வேகத்துல வந்தே?" என்று கேட்டார். முப்பது என்றேன். "அதான் இந்தக் கேள்வி கேக்க நான் உயிரோட இருக்கேன்" என்றார்.

அதன் பிறகு, தம் பெயர் தூர்லைஃப் என்றும், மனைவி அஸ்லௌக் முதியோர் இல்லத்தில் இருப்பதாகவும், தினமும் மதியம் அவருடன் சேர்ந்து சாப்பிடப் போவதாகவும் கூறி, கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார். வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய உருளைக்கிழங்கு ரொட்டி அதில் இருந்தது. "நான் போகலேன்னா அவ சாப்பிடாம உக்காந்திருப்பா. நீ குடுத்துடும்மா. விழுந்தேன்னு சொல்லி அவள பயமுறுத்தாதே" என்றார்.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிச் சென்றது. காவலர்கள் வந்து டயர் தடத்தை அளந்து, என்னை ஊதச் சொல்லிச் சோதித்துவிட்டு, போகலாம் என்றார்கள். நான் நேராக முதியோர் இல்லத்துக்குப் போனேன். அஸ்லௌக் அம்மாள் தலை வாரி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அவர் எங்கே?" என்று கேட்டார்.

"வழியெல்லாம் வழுக்குதும்மா. மெதுவா வருவார்."

"அவரா, மெதுவாவா?" என்று சிரித்தார். "கல்யாணத்தன்னிக்கே சறுக்கிக்கிட்டு வந்து கோயில் கதவுல முட்டினவராச்சே."

பிறகு நான் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பாதி ரொட்டியைச் சாப்பிட்டார். மீதியைக் காகிதக் கைக்குட்டையில் மடித்து, "பசியோட வருவார்" என்று என் கையில் கொடுத்தார். அன்று மாலை அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். மனைவி சொன்னதைச் சொன்னேன். "கதவுல இல்ல, தூண்ல" என்று திருத்திவிட்டு, ரொட்டியை இடது கையால் மெல்ல மெல்லத் தின்றார்.

கவனிக்காமல் தெருவுக்குள் வந்ததாக அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் உரிமம் பற்றிச் சட்டப்படி எது முடிவானாலும் ஏற்கிறேன். இன்னும் இருபது கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வந்திருந்தால், ஜன்னலோரம் இருந்த அந்த அம்மாளிடம் நான் வேறொரு சேதி சொல்ல நேர்ந்திருக்கும் என்பதையும் இதில் எழுதிக்கொள்ளக் கேட்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை, நடந்தது இதுவே.

(ஒப்பம்)
யோருன் ஹௌகன்