பழைய ரிப்பேர் பட்டன்

இல்ல தம்பி, உக்கார நேரமில்ல, அவர் கீழ தனியா இருக்கார். நீங்க பண்ற அந்தக் கப்பல் சண்டை கேம் விஷயமாத்தான் மாடியேறி வந்தேன். சிரிக்காதீங்க. அவர் பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து, எனக்கே இப்ப ஒரு கப்பற்படையைக் கட்டி மேய்க்கத் தெரியும்.

முன்னெல்லாம் அடிபட்ட கப்பல் துறைமுகத்துக்கு வந்தா ஒரே பட்டன்தான? அமுக்கினா மறுநாளே புத்தம்புதுசா கிளம்பிடும். எங்க வீட்டுக்காரர் நல்லா இருந்தப்ப அதுக்கு உங்கள எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கார்! கப்பல் ரிப்பேர் யார்டுலயே காலம் தள்ளின மனுஷன் இல்லியா. ஓட்டை விழுந்த கப்பல் என்ன சைக்கிள் டியூபாய்யா, ஒட்டுப் போட்டு ஓட்ட? யார்டுல இடம் காலியாகணும், தகடு வரணும், ஆள் கிடைக்கணும்னு மாடிப்படியிலேயே உங்கள மறிச்சு வகுப்பெடுப்பார். நீங்களும் பாவம், பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே தலையாட்டுவீங்க.

இப்ப அப்படியே மாத்திட்டீங்க. தப்பு சொல்லல தம்பி. அவர் கேட்டதுதான.

ஆனா ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்ததுல, பேச்சும் போச்சு. மிச்சம் இருக்கிறது இடது கை ஒண்ணு. அந்தக் கையால அவர் இஷ்டப்பட்டுச் செய்றது உங்க கேம் மட்டுந்தான். ஒரு கப்பல் சரியாகிக் கிளம்பினா வாய் ஒரு பக்கமா கோணிக்கிட்டுச் சிரிப்பார். அந்த நேரம் பாத்துத்தான் நான் மாத்திரையை உள்ள போடுவேன்.

அந்தப் பழைய பட்டனையே அவருக்குத் திருப்பி வச்சிடுங்களேன். முடியாதா? எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போகுமா? எங்க ஒரு வீட்டுக்கு மட்டும் பொய்யாவே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நட்டம்?

சரி. உங்க கையிலயும் இல்ல. உங்கள நொந்து என்ன ஆகப்போகுது.

அய்யோ, அழலப்பா, மாடியேறின மூச்சு. முந்தாநேத்து அவரோட பெரிய கப்பல் ஒண்ணு ரிப்பேருக்குக் காத்துக் காத்துக் கெடந்துச்சு. கடைசியில, இது இனிமே தேறாது, வச்சிருக்கவா, உடைச்சிடவான்னு திரையில கேட்டுச்சு. அவர் என் மூஞ்சியப் பாத்தார். இருந்துட்டுப் போகட்டுங்க, அதுபாட்டுக்கு ஓரமா கெடக்கட்டும்னு சொன்னேன். உடைச்சிடுன்னு அமுக்கிட்டார்.

அதுலேருந்து பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கார், தம்பி. சோறும் இல்ல, மாத்திரையும் இல்ல. ஸ்பூனைக் கொண்டு போனா, அந்த நல்ல கையாலயே தட்டி விடறார்.