நரி விழும்போது விஜயம்மா சிரிப்பாள்

கார்ட்டூனில் வரும் நரிக்கு அடியே படாது சார், கவனித்திருக்கிறீர்களா? சேவலைப் பிடிக்கக் கிணற்றோரம் ஒளிந்திருக்கும். சேவல் தன்பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடும், இது கிணற்றில் விழும். மேலே பாறை விழுந்து பப்படமாகத் தட்டையாகும். அப்புறம் உடம்பை உதறிவிட்டு மறுபடியும் சேவல் பின்னால் ஓடும். நான் வில்லேஜ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன். இந்த மாதிரிப் படமெல்லாம் விஜயம்மாவுக்காகத்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

விஜயம்மா என் வீட்டுக்காரி. பெரிய வாயாடி. உதியன்குளங்கரையில் பஸ் இறங்கினால் வழியில் இருக்கிற எல்லாரிடமும் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். போன ஓணத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து படுத்தாள். பேச்சு போயிற்று, கையும் காலும் போயிற்று. அவள் பேசாத வீடு எப்படியிருக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

அப்படியிருக்க, ஒரு நாள் டிவியில் நரி விழுந்தது. விஜயம்மா கடகடவென்று சிரித்தாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன் சார், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதற்கப்புறம் நாள் முழுக்க நரிதான். ஆனால் ஒரே நரி எத்தனை தடவைதான் விழும்? சிரிப்பு குறைந்துபோயிற்று. நான் கால்மிதியில் தடுக்கி விழுந்தபோது மறுபடியும் சிரித்தாள். பிறகு வேண்டுமென்றே விழுந்தேன், வாளியோடும் நாற்காலியோடும். வயசான இடுப்பு, அதுவும் எவ்வளவு தாங்கும்.

எங்கள் ஊர் ஓணக் களி விளையாட்டுகளில் வழுக்குமரத்துக்குத் தேய்க்கும் கூட்டு என் கைப்பக்குவம். விளக்கெண்ணெயும் கற்றாழைச் சோறும் பதமாகச் சேர்ந்தால் எந்தக் கொம்பனும் பாதி மரம் தாண்டமாட்டான். ஊரே கூடிநின்று சிரிக்கும். அதில் கொஞ்சம் அடுக்களைப் பின்படியில் தடவினேன். விஜயம்மாவின் கட்டிலிலிருந்து அந்தப் படி நேராகத் தெரியும்.

முதலில் விழுந்தது கேபிள்காரன் பிபின். "ஓணத்துக்கு இன்னும் நாள் கெடக்கே சாரே, இப்பமே வழுக்குமரமா?" என்று முழங்கையைத் தடவிக்கொண்டு போனான். அடுத்தது மீன்காரி ராஜபாய். மத்தி முற்றமெல்லாம் சிதறியது. மணிக்கட்டு ஒடிந்துவிட்டது, பாவம். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டது நான்தான். மனுஷன் என்றால் அவ்வளவாவது செய்ய வேண்டாமா. விஜயம்மா அன்று சாயங்காலம்வரை சிரித்தாள்.

பிஜி பூவாரிலிருந்து வந்து பகலில் விஜயம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண். தங்கமான பிள்ளை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விஜயம்மாவுக்கு அவள் என்றால் உயிர். அவள் ஒரு நாள் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினாள்.

"சாரே, அம்மை சிரிக்கேல்ல. நரம்புக்க கேடாக்கும். அழுகை வந்தாலும் சிரிப்பாத்தான் வெளிய வருமாம். இந்தக் குளிகை குடுத்தா நின்னுரும்."

"எது நின்னுரும்?"

"சிரிப்பு."

"இந்த வீட்டுல எனக்குன்னு கேக்கப்பட்ட ஒரே சத்தம் அதாக்கும் மக்கா."

"சாருக்கு வேண்டி அம்மை உள்ளுக்குள்ள கெடந்து அழணுமா? நாளைக்கு நானே குடுத்துருவேன், கேட்டியளா."

எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. டாக்டர் சொன்னதை நம்பினாள், அவ்வளவுதான். கண்ணால் கண்டால் மனசு மாறும் என்று நினைத்தேன். தான் விழும்போதும் அம்மை சிரிக்கிறாள் என்றால் அது சிரிப்பேதான் என்று அவளுக்கே புரியுமே. உயிருக்குயிரான பிள்ளை விழுந்து, வேடிக்கையாக இல்லாமலா ஒருத்தி சிரிப்பாள்?

மறுநாள் காலையில் தாராளமாகவே தடவினேன். படிக்குக் கீழே துணி துவைக்கிற கல் கிடக்கிறது. அதைத் தள்ளிப் போடலாம் என்று நினைக்கத்தான் செய்தேன். இடுப்பு வலி விடவில்லை. பிஜி கஞ்சியை ஆற வைத்துவிட்டு, "குடிச்சதும் குளிகை தாறேன் அம்மே" என்று சொல்லி, படுக்கை விரிப்பைத் துவைக்க எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பின்மண்டை கல்லில் பட்டது. எழுந்திருப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எழவில்லை. கால் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஃபோன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் அதற்குள் விஜயம்மா சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அப்படியொரு சிரிப்பைக் கல்யாணமான புதிதில்கூட நான் கேட்டதில்லை. நடுவில் ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டால் நின்றுவிடுமே. சிரித்து முடிக்கட்டும் என்று கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் ஓய்ந்தபோது பிஜியின் காலும் அசையவில்லை.

ஆமாம் சார், தடவியது நான், கல்லை விட்டுவைத்தது நான், ஆளைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தது நான். கொன்றது நான்தான் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் டாக்டர் சொன்னது தப்பு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். விஜயம்மா அன்று கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். படுத்த நாள்முதல் அசையாத கை சார், அதைத் தூக்கி, வெளியே கிடந்த பிஜியைப் பார்த்து நீட்டினாள். அடக்கமுடியாமல் சிரிப்பு வரும்போது நாமும் அப்படித்தானே பக்கத்தில் இருப்பவருக்குக் கைநீட்டிக் காட்டுவோம்.