எங்கள் கடை மடிப்பு

உங்கள் வெள்ளைக் கோட்டின் இடது கையில் இரட்டைக் கோடு விழுந்திருக்கிறது, டாக்டர். வீட்டில் தேய்த்ததா? முதல் கோடு விழுந்த பிறகு துணி நகர்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. சலவைக் கடையில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு ஆளைப் பார்த்ததும் முகத்துக்கு முன்னால் காலர்தான் கண்ணில் படும்.

இந்த அறைக்குள் என்னை இன்றைக்குத்தான் உட்கார வைத்திருக்கிறீர்கள். இதுவரை தங்கையை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே பெஞ்சில் காத்திருப்பேன். அவள் வெளியே வந்ததும் முகத்தைப் பார்த்தே நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவேன். முடியாத நாளில் கேட்டுவிடுவேன். அவளும் சொல்லிவிடுவாள். அக்காவிடம் என்ன ஒளிவு மறைவு?

மேசைமேல் அந்த நீலச் சட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டீர்கள் என்று தெரிகிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். நடுவிலிருந்து எடுத்தால் என்னைப் பற்றித் தப்பான அபிப்பிராயம் வந்துவிடும்.

அவளை நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். அம்மா போனபோது அவளுக்குப் பால் பல்கூட விழவில்லை. தலைவாரி விட்டதும் நான்தான், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். எனக்கு வந்த வரன்களை நான் தட்டிக் கழித்தது அவளுக்காக என்று ஊரே சொல்லும். நான் சொன்னதில்லை. சொல்லிக் காட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அவளுக்கு வந்த மாப்பிள்ளை பேசத் தெரிந்தவர். வெண்ணெய் மாதிரிப் பேசுவார். வீட்டுக்குள் அவர் செய்ததைச் சொன்னால் நம்புவதற்கே சிரமப்படுவீர்கள், ஆனால் அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். அவளுடைய சாவியை எடுத்து ஒளித்து வைப்பார். அவள் வீடு முழுக்கத் தேடி ஓய்ந்த பிறகு அவள் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துப் பரிதாபமாகப் பார்ப்பார். "உனக்கு ஞாபகம் சரியில்லம்மா, பாவம்" என்பார். அவள் சொன்னதைச் சொல்லவில்லை என்பார். சொல்லாததைச் சொன்னாய் என்பார். பிடிக்காவிட்டால் வாரக்கணக்கில் பேசமாட்டார். அவள் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் திரிவாள்.

நானும் எங்கள் தாய்மாமாவும் நியாயம் கேட்கப் போனோம். மாப்பிள்ளை எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்: "நான் அவமேல ஒரு நாளும் கை வெச்சதில்லீங்க. வேணும்னா அவளையே கேட்டுப் பாருங்க."

குட்டி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மாமா என் பக்கம் திரும்பி, "அடிக்கலயாமே, அப்புறம் என்ன?" என்றார். கை வைக்காமல் ஒருத்தியை இப்படி ஆக்க முடியும் என்று அந்த மனுஷருக்கு எப்படிப் புரியவைப்பது?

பிறகு நான்தான் போராடி அவளை மீட்டுக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள். அவசரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி உடையாமலிருக்க அவருடைய சட்டை ஒன்றைச் சுற்றி எடுத்து வந்திருந்தாள். இந்தச் சட்டைதான். தூக்கி எறி என்றாள். சரி என்றேன். ஆனால் எங்கள் தொழிலில் துணியை எறிவதில்லை. யாரும் வாங்க வராத துணியெல்லாம் கடையில் மேல்தட்டில் இருக்கும். எத்தனை வருஷம் கழித்து வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதோடு அதையும் வைத்தேன்.

எங்கள் வீடு கடைக்கு மேலே. மாடிப்படி கடைக்குள்தான் இறங்கும். வெளியே போகிறவர்கள் என் இஸ்திரி மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பாதுகாப்புக்கு அதைவிட என்ன வேண்டும்? அவள் ஆரம்பத்தில் இறங்கவே இல்லை. கதவு தட்டினால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொள்வாள். நான் ஊட்டினால் சாப்பிடுவாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். கஷ்டமான காலம்தான். ஆனால் எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை.

உங்களிடம் கூட்டிவர ஆரம்பித்த பிறகு தேறினாள். கீழே வந்து எனக்கு உதவினாள். சட்டை மடிக்கக் கற்றுக்கொடுத்தேன். எங்கள் கடை மடிப்பு தனி. மற்றவர்கள் இரண்டு கையையும் பின்னால் மடித்துவிடுவார்கள். நாங்கள் இடது கையை மட்டும் சுற்றிக் கொண்டுவந்து, அதன் நுனியிலுள்ள கைப்பட்டி காலருக்குக் கீழே எட்டிப் பார்க்கிற மாதிரி வைப்போம். தெருவில் யார் கையில் பார்த்தாலும் எங்கள் கடைச் சட்டை என்று தெரிந்துவிடும். குட்டி என்னைவிட நேர்த்தியாக மடித்தாள். அப்புறம் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள், என்னிடம் கேட்காமல். தனியாக நடக்கப் போனாள். எதிர்க்கடை தையல்காரி ஏதோ ஜோக் சொல்ல, கடையே அதிரச் சிரித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மாவுக்கட்டு அவிழ்த்த புதிதில் காலை ஊன்றினால் மறுபடி முறிந்துவிடுமே என்றும் பயமாக இருந்தது. நீங்கள் அவசரப்படுத்துகிறீர்கள் என்று எனக்குப் பட்டது.

ஒரு நாள் மேல்தட்டைத் துடைத்துவிட்டு, அங்கிருந்த துணிகளைச் சும்மா தேய்த்து வைத்தேன். இந்தச் சட்டையும் வந்தது. எத்தனை முறை துவைத்தாலும் காலரிலும் அக்குளிலும் ஆளின் வாசனை கொஞ்சம் தங்கிவிடும், டாக்டர். கைக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது. சூடான இஸ்திரியும் ஆவியும் பட்டால் எழுந்து வரும். குட்டி படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பாதிப் படியில் நின்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அவரு வந்திருக்காரா?"

நான் சட்டையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடினேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்று பொழுது சாயும்வரை விடவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் கலங்குவாள் என்று தோன்றியது. "யாரும் வரல குட்டி. உனக்குத்தான் ஏதோ தோணுது" என்றேன்.

அந்த முதல் தடவை தற்செயல். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தவை தற்செயல் இல்லை. எப்போதெல்லாம் அவள் என்னை விட்டு விலகி ஓடப் பார்த்தாளோ, அப்போது மட்டும் செய்தேன். அவள் குளிக்கும்போது அறைக்குள் சட்டையைத் தொங்கவிட்டு ஆவி காட்டிவிட்டு எடுத்துவிடுவேன். அவர் சவரம் செய்ததும் முகத்துக்குப் போடுகிற தைலம் எதுவென்று எனக்குத் தெரியும். கடையில் வாங்கி, தலையணை உறை தேய்க்கும்போது தெளிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டேன். தலை வைத்துச் சூடேறினால்தான் தெரியும். "அவரு வாசனை வருதுக்கா" என்பாள். நான் தலையணையை முகர்ந்து பார்த்துவிட்டு, "சோப்பு வாசனைதான் வருது" என்பேன். அவர் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். விவாகரத்து கிடைத்த கையோடு வேலையை மாற்றிக்கொண்டு தூரமாகப் போய்விட்டார்.

இல்லாத வாசனை வருகிறது என்று அவள் உங்களிடம் சொன்னாள். நீங்கள் மாத்திரையைக் கூட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, கேட்டதை வைத்துத்தானே வைத்தியம் பார்க்க முடியும். மாத்திரையை வேளை தவறாமல் நான்தான் கொடுத்தேன். அவள் நாக்கு குழறிற்று. மடிக்கிற சட்டை கையிலிருந்து நழுவிற்று. ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று, "அவரு சொன்னது சரிதானோ? எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோ?" என்று கேட்டாள். கட்டிக்கொண்டு அழுதேன். பொய்யழுகை இல்லை. அவளுக்காக நான் அழுததெல்லாம் நிஜம்.

அப்படியும் அவள் எழுந்தாள். அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. தையல்காரி மூலமாக வெளியூர்க் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு வேலை கிடைத்தது, தங்கும் இடத்தோடு. எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டாள். பெட்டி கட்டினாள். அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தெரியாத ஊரில் இவளுக்கு ஒன்று ஆனால் யார் மடியில் படுப்பாள்?

வாசனை போதாது என்று முடிவு செய்தேன். அவர் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து போனார் என்று அவள் நம்பினால் வெளியே காலெடுத்து வைக்கமாட்டாள். சட்டையை நன்றாகத் தேய்த்து, அவள் பெட்டிக்குள் எல்லாத் துணிக்கும் மேலே வைத்து மூடினேன்.

புறப்படுகிற அன்று காலையில் பெட்டியைத் திறந்தாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், விழுந்தால் தாங்குவதற்கு. அவள் விழவில்லை. சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, காலருக்குக் கீழே எட்டிப் பார்த்த கைப்பட்டியை விரலால் தொட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சட்டையை மடிக்கிற ஆளே இல்லை, கழற்றி நாற்காலிமேல் எறிகிறவர். என் கை தன் பாட்டுக்கு மடித்துவிட்டிருந்தது. அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த அதே மடிப்பு.

"அக்கா, உனக்கு ஏதாவது வாசனை வருதா?"

"இல்லையே குட்டி. உனக்குத்தான் ஏதோ தோணுது."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு காலத்தில் அவரைப் பார்ப்பாளே, அப்படி. "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். அதிர்ச்சியில் இருக்கிறாள், இனிப் போகமாட்டாள் என்று நினைத்து நான் நிம்மதியாகக் கீழே இறங்கி வேலையைத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு இறங்கி வந்தாள். என் கையில் சூடான இஸ்திரி. அடியில் யாரோ ஒருவரின் பட்டுத் துணி. ஒரு நொடி அதிகமாக நின்றால் கருகிவிடும். அதை நகர்த்திவிட்டு நிமிர்வதற்குள் அவள் மேசையைத் தாண்டிவிட்டாள். எங்கே போனாலும் போயிட்டு வரேன் என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். அன்றைக்கு, "போறேன்க்கா" என்றாள். கருகட்டும் என்று இஸ்திரியைத் துணிமேலேயே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். தையல்காரி அவள் பெட்டியை வாங்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நேராக உங்களிடம் வந்திருக்கிறாள், சட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பிரித்துக் காட்டவே தேவையில்லாமல் போயிற்று. எங்கள் கடை மடிப்பை நீங்களும்தான் பார்த்திருக்கிறீர்கள், உங்கள் வீட்டுக்காரர் சட்டை எங்களிடம்தானே வருகிறது.

ஆமாம், நான்தான் செய்தேன். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். அதனால் என்ன, அவள் விலாசத்தை எனக்குக் கொடுக்கக் கூடாதா? ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பேனாவை எடுத்துவிட்டீர்கள். சரி, எழுதுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர், வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள். நான் அவள்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை.