எலி சொன்ன சொல்லும் ஈ திறந்த கண்ணும்

மணவிழாவுக்குத் தலைமையேற்று, பசியையும் பொறுத்து அமர்ந்திருக்கும் ஆய்வுக்கூடத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! மடியில் மழலையும் மனத்தில் வாழ்த்தும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! மணமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நுண்ணோக்கி பழுது பார்ப்பது என் தொழில். மணப்பெண்ணின் தாய்மாமன் என்பது என் பதவி. என்ன? சுருக்கமாகவா? மைக்கைப் பிடித்த தாய்மாமன் சுருக்கமாகப் பேசியதாக வரலாறு உண்டா?

என் அக்காள் மகளுக்கு ஆய்வுக்கூடத்தின் ஈ அறையில் வேலை. பாட்டில் பாட்டிலாகப் பழ ஈக்களை வளர்க்கிறாள். மாப்பிள்ளைக்கு அடுத்த கதவு, எலி அறை. இருவரும் மனம் ஒத்தார்கள். சம்பந்தியம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"கல்யாணத்துக்கப்புறம் இந்த ஈ வளர்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு எங்களை மாதிரி மாறிடணும்."

பெண் முகத்தில் ஈயாடவில்லை! "அப்ப கல்யாணமே வேணாம் மாமா" என்று என்னிடம் அழுதாள். மாப்பிள்ளைக்கு மத்தளம்போல் இரு பக்கமும் இடி. "அப்படி என்னதான் இருக்கு அந்த ஈயில?" என்று சம்பந்தியம்மா ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெண் விளக்கினாள். கண் உருவாக ஏவுகிற மரபணு ஒன்று உண்டு. அது கெட்டால் ஈக்குக் கண் இல்லை. எலிக்கும் கண் அமைவதில்லை. அறிஞர்கள் முன்பே செய்து காட்டியபடி, இவர்களும் எலியின் அந்த மரபணுவை ஈயின் கால் வளரும் இடத்தில் வேலை செய்ய வைத்திருந்தார்கள்.

சம்பந்தியம்மா நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். காலில் கண்! செக்கச் சிவந்த கண்!

"இது எலிக் கண்ணா?"

"இல்லைங்க அத்தை, ஈக் கண்ணுதான். கண்ணு உண்டாக்குன்னு சொன்னதுதான் எலியோட மரபணு. ஈ தனக்குத் தெரிஞ்ச கண்ணை உண்டாக்கிக்கிச்சு."

அம்மையார் நிமிர்ந்தார்.

"எலி சொல்லியும் ஈ எலியா மாறல. நான் சொல்லி நீ ஏம்மா மாறணும்? வேலையை விடாதே. பாட்டில் மூடியை மட்டும் இறுக்கி மூடிட்டு வா!"

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஈக்கும் அந்த ஏவல், எலிக்கும் அந்த ஏவல், எனக்கும் உங்களுக்கும் அதே மரபணுக் குடும்பத்தின் ஏவலே! ஏவல் ஒன்று; விழித்த விழிகள் எத்தனை எத்தனை! அப்படியிருக்க, ஒரு வீட்டுக்குள் இரு விதமாய் உலகைப் பார்க்க இடமில்லையா? இருக்கிறது என்று சொன்ன அந்தத் தாயை வணங்குகிறேன்!

மணமக்கள் நீடு வாழ்க! கேட்ட காதுகளுக்கும் கண்ணயராத கண்களுக்கும் நன்றி, வணக்கம்!