கேப்டன் வில்சனின் கை

— அவன் கையை நீ பிடிச்சிட்டிருந்தே, நேசம். நான் என் ரெண்டு கண்ணாலே பாத்தேன்.

— பிடிச்சிட்டுத்தான் இருந்தேன். இல்லேன்னு நான் பறயல்லையே.

— நீ ஒண்ணுமே சொல்லல்லே. நேத்து சாயந்திரத்திலேருந்து வாயே தொறக்கல்லே. லாட்ஜிலே தோசை வாங்கி வச்சேன், தொடல்லே. இந்த பஸ் ஸ்டாண்டிலே வந்து உக்காந்து இம்புட்டு நேரமாச்சு, அந்தப் பக்கமே திரும்பி இருக்கே. நான் சந்தேகப்படுத ஆளு இல்லட்டி. ஆனா புருசன்காரன் கேக்கணுமா வேண்டாமா?

— கேளுங்க. பஸ்ஸும் இப்பம் வராது. தமிழ்நாட்டோட சேரணும்னு ஊர்வலம் போறாங்களாம், வண்டியெல்லாம் சுத்தித்தான் வருதுன்னு கண்டக்டர் சொன்னாரு.

— கண்டக்டர்கிட்ட நீ எப்பம் பேசினே?

— நீங்க வெத்திலை வாங்கப் போனப்பம். இங்கண நிக்கிய எல்லார்கிட்டயுமாக்கும் சொன்னாரு. இதையும் ஒரு கேசாக்காதீங்க.

— கேசு ஒண்ணும் இல்ல. கேட்டேன், அவ்வளவுதான். கலியாணம் முடிஞ்சு அஞ்சு வருசமா ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போகல்லேன்னு நீதானே சொல்லுவே. அதுக்காச்சுட்டி கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட ஜவுளிக்கடையைப் பூட்டினேன். அஞ்சுகிராமத்திலே எவனாவது பெண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து நாகர்கோயில் லாட்ஜிலே ரூம் போட்டிருக்கானா? கார்னிவல்லே எதை நான் காட்டாம விட்டேன்? ராட்டினம், கண்ணாடி மண்டபம், ரெண்டு தலை ஆட்டுக்குட்டி. ஊருக்குப் போனா பக்கத்துக் கடை பொன்னுலிங்கம் கேப்பான், உல்லாசப் பயணம் எப்படிடே இருந்துன்னு. நான் என்னத்தைச் சொல்ல?

— உள்ளதைச் சொல்லுங்க. ராட்டினத்திலே ஏறினோம். விழாம இருக்கணுமேன்னு கம்பியைப் பூட்ட அந்த ராட்டினக்காரன் என் பக்கம் கையை நீட்டினான். நீங்க அந்தக் கையைத் தட்டி விட்டிய. கம்பி பூட்டாமலே சுத்தினோம். உச்சிக்குப் போனப்பம் எனக்கு உயிரே போயிட்டு. நீங்க கீழே நிக்கிய அவனையேதான் பாத்துட்டிருந்திய.

— அவன் நீட்டினது கம்பிக்கில்ல. எனக்குத் தெரியும்.

— செரி. போட்டோ எடுக்கப் போனோம். நாடியைக் கொஞ்சம் தூக்கணும்னு போட்டோக்காரரு ஒரு விரலாலே தொட்டாரு. எடுக்காமலே எழுப்பிக் கூட்டிட்டு வந்திய. வெளியே வரும்போ திரைச்சீலையிலே வரஞ்சிருந்த தாஜ்மகாலைத் திரும்பிப் பாத்தேன், அதுக்கும் ஒரு வழக்கு.

— தாஜ்மகாலையா பாத்தே?

— பின்னே?

— சரி, கெடக்கட்டும். அதெல்லாம் சில்லறை. நான் கேக்குதது மரணக்கிணத்தை. முத ஆட்டம் பாத்தோம், போதும்னேன். இன்னும் ஒண்ணு பாக்கணும்னே. அதும் முடிஞ்சுது. நீ அந்தப் படியை விட்டு எறங்கவே இல்ல. அப்படி என்னட்டி இருக்கு அதுலே?

— நீங்களும்தானே பாத்திய. பலகையடிச்சுக் கட்டின கிணறு. நாம ஒக்க மேலே வட்டமா நின்னு உள்ளே எட்டிப் பாக்கியோம். அடியிலேருந்து மோட்டார் சைக்கிள் சுத்திச் சுத்தி, சுவரிலே பல்லி ஓடுதது போல, நம்ம காலு வரைக்கும் ஏறி வருது. நிக்கிய பலகையெல்லாம் ஆடுது. அப்படியொண்ணை நான் கண்டதே இல்லை. திரும்பவும் பாக்கத் தோணினது தப்பா?

— வண்டியை நீ பாக்கல்லே. ஓட்டினவனைப் பாத்தே. கிணத்துக்கு வெளியே போர்டிலே பெருசா எழுதி வச்சிருக்கான், கேப்டன் வில்சன்னு. மீசையும், தோல் தொப்பியும், கண்ணை மூடுத கண்ணாடியும். பைக்கு மேலே வரும்போ நீ மூஞ்சி துடைக்குத லேஞ்சியை எடுத்து நீட்டினே. அவன் கைப்பிடியை விட்டுட்டு அதை வாங்கினான். உன்னைப் பாத்துச் சிரிச்சான்.

— எல்லாரும் நீட்டினாங்க. ஒரு பாட்டையா கைக்கம்பை நீட்டினாரு.

— பாட்டையாவைப் பாத்து அவன் சிரிக்கல்லே. உன்னைப் பாத்துத்தான் சிரிச்சான். நீயும் சிரிச்சே. பல்லெல்லாம் தெரிய. கலியாணம் முடிஞ்ச நாள்ளேருந்து எங்கிட்ட ஒரு தரம் அப்படிச் சிரிச்சிருக்கியா?

— இல்ல.

— என்ன?

— இல்லேன்னேன். நீங்க கேட்டிய, நான் சொன்னேன்.

— அதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லுதே. நல்லாருக்கு. பொறவு மூணாவது ஆட்டத்திலே வண்டி வழுக்கி அவன் அடியிலே போய் விழுந்தான். ஜனமெல்லாம் அலறுது. நான் திரும்பிப் பாக்கேன், பக்கத்திலே நீ இல்ல. கூட்டத்திலே எங்க விழுந்து மிதிபட்டியோன்னு நான் நாயா அலைஞ்சேன் தெரியுமா? கடைசியிலே கூடாரத்துக்குப் பின்னாலே சாக்குத் திரையை விலக்கினா, கோட்டு போட்ட ஒரு கை உன் மடியிலே கெடக்கு. மத்தக் கை உன் தோளைப் பிடிச்சிருக்கு. பக்கத்திலே ஒரு கிழவன் குந்தியிருந்து உன் காதிலே என்னமோ ஓதுதான். ஞானதாசன் பெண்டாட்டி, ஊரும் பேரும் இல்லாத கழைக்கூத்தாடிக்கு மடி கொடுத்துட்டு இருக்கா.

— நீங்க உள்ளே வரவும் இல்லை, என்னன்னு கேக்கவும் இல்லை. திரைக்கு வெளியே நின்னே என் கையைப் பிடிச்சு இழுத்திய. கட்டு பாதியிலே நின்னுட்டு.

— எந்தக் கட்டு?

— நல்லா கேட்டிய. மணிக்கட்டு எலும்பு ஒடிஞ்சு விலகியிருந்தது. கை வீங்கி நீலம் பாரிச்சுப் போச்சு. எவனோ ஒருத்தன் எண்ணெயைப் போட்டு உருவப் பாத்தான். உருவியிருந்தா கை அதோட போயிருக்கும். நான் அவனைத் தள்ளி விட்டுட்டு, அங்கண கெடந்த மரப்பெட்டியிலேருந்து ரெண்டு பலகைத் துண்டைப் பிச்செடுத்து, உங்க நேரியலைக் கிழிச்சுக் கட்டிட்டிருந்தேன்.

— என் நேரியலையா?

— குளிருக்கு நான் போத்திட்டு வந்தேனே, அதாக்கும். எலும்பை நேராக்கி இழுக்கும்போ வலி தாங்காம என் தோளைப் பிடிச்சாங்க. பிடிக்காம என்ன செய்வாங்க?

— அதுக்கு அங்கண வேற ஆளே இல்லையா? நீதான் போகணுமா?

— நான்தான் போகணும். நெய்யூர் ஆஸ்பத்திரியிலே மாவுக்கட்டு அறையிலே நின்னவளாக்கும் நான். நீங்க அதை மறந்துட்டிய. என் கை மறக்கல்லே. விழுந்த சத்தம் கேட்டதும் காலு தானா ஓடிச்சு.

— அது கலியாணத்துக்கு முன்னாலே உள்ள கதை.

— முன்னாலேதான். பெண்ணு பாக்க வந்தப்பம் எங்க அப்பாகிட்ட நீங்க என்ன சொன்னிய? நர்சு வேலை புண்ணியமுள்ள வேலை, தாராளமா போகட்டும்னு சொன்னிய. தாலி கெட்டின மறு மாசம் தூரம்னிய. பொறவு, ஆம்பிளையள் காலையும் கையையும் தொடுத வேலைன்னு எனக்குத் தெரியாதேன்னிய. பொறவு பேச்சே இல்லை.

— நான் சொன்னதிலே என்ன தப்பு? எந்தப் புருசனுக்கு அது பொறுக்கும்? கண்டவன் கையை...

— கண்டவன் இல்ல. கண்டவ.

— என்னது?

— அவ பேரு ஓமனா. கேப்டன் வில்சனுக்க பெண்டாட்டி.

— என்னட்டி சொல்லுதே? மீசை?

— மீசை போர்டிலே உள்ள படத்திலேதான். வில்சன் கொல்லத்திலே ஆட்டத்திலே விழுந்து இடுப்பொடிஞ்சு, அதே கூடாரத்திலே ஒரு மூலையிலே பாயிலே கெடந்தாரு. நீங்க பாக்கல்லே, நீங்க என்னை மட்டும்தான் பாத்திய. கோட்டும் தொப்பியும் கண்ணாடியும் அவருக்குள்ளது. அவரு விழுந்த நாளு முதக்கொண்டு அவதான் அதைப் போட்டுட்டு ஓட்டுதா. வீக்கத்துக்கு மேலே கோட்டுக் கை இறுகிப் போச்சேன்னு கத்திரி வச்சு வெட்டினப்பமாக்கும் எனக்கே தெரிஞ்சுது. வளையல் போட்டுப் போட்டுத் தேஞ்ச கை. சேச்சி, ஆரோடும் பறயண்டான்னு கெஞ்சினா. பெண்ணுன்னு தெரிஞ்சா போலீசு ஆட்டத்தை நிறுத்திருவான்னு பயம். ஊருக்குச் சொல்லாதேன்னா. நீங்க ஊரு இல்லையே, அதனாலே சொல்லியேன்.

— பொம்பளை.

— ஆமா.

— பொம்பளையாட்டி? நெசமா? ஏட்டி, இதை நேத்தே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா? ராத்திரி முச்சூடும் நான் பொட்டுக் கண்ணு மூடல்லே. உன்னை உங்க அம்மை வீட்டிலே கொண்டு விட்டுட்டுக் கடையை அடச்சிருவோமா, இல்ல எங்கயாவது போய்ச் சாவோமான்னு யோசிச்சிட்டுக் கெடந்தேன். பொம்பளை. எனக்குச் சிரிப்பா வருது. நெஞ்சிலேருந்து ஒரு துணிப்பொதியை இறக்கி வச்சது போல இருக்கு.

— சிரிங்க.

— நீயும் சிரி. இன்னா பாரு, பஸ் வரல்லேன்னா போட்டோக் கடைக்குத் திரும்பிப் போயி ஒண்ணு எடுத்துட்டு வருவோமா? தாஜ்மகால் முன்னாலே. நாடியை நானே தூக்கி விடுதேன். வார வருசம் குத்தாலம் போவோம். நீ சொல்லுத லாட்ஜிலே தங்குவோம். என்ன, இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?

— ஒண்ணுமில்லை. பெண்ணுன்னு தெரிஞ்ச பொறவாவது அவ கை எப்படி இருக்குன்னு கேப்பியன்னு பாத்தேன்.

— ஆங். எப்படி இருக்கு?

— தெரியாது. கட்டி முடிக்க நீங்க விடல்லையே.

— அந்தக் கிழவன் இருந்தானே, அவன் முடிச்சிருப்பான். ஆமா, அவன் யாரு?

— கேக்க மறந்துட்டியளோன்னு நெனச்சேன். கபிரியேல் கம்பவுண்டர். நெய்யூர்க்காரரு. பேரப்பிள்ளையளுக்குக் கார்னிவல் காட்டக் கூட்டிட்டு வந்தாரு. அலறல் கேட்டு அவரும் ஓடி வந்திருக்காரு. அவரு கண்ணுக்குப் பார்வை மங்கிட்டு, கட்டு முடிச்சிருக்க மாட்டாரு. உங்களுக்கு அவரை அடையாளம் தெரியல்லையா?

— எனக்கு எப்படித் தெரியும்?

— உங்க கடைக்கு வந்திருக்காரே.

— கடைக்கு ஆயிரம் பேரு வருவான்.

— துணி எடுக்க வரல்லே. நான் எலும்பை நேராக்குததைப் பக்கத்திலே இருந்து பாத்துட்டு, என் காதிலே மெதுவா ஒண்ணு கேட்டாரு. மோளே, இவ்வளவு கைப்பழக்கத்தை வச்சிட்டு ஏன் வரமாட்டேன்னு சொல்லி விட்டேன்னு கேட்டாரு. நான் எப்பம் சொன்னேன்னு கேட்டேன். போன ஈஸ்டருக்கு முன்னே பெரிய நர்சம்மா அவரை அஞ்சுகிராமத்துக்கு அனுப்பியிருக்காங்க. மாவுக்கட்டு அறைக்கு ஆளு வேணும், நேசபாயைக் கூட்டிட்டு வா, தங்க வீடும் உண்டுன்னு. கடையிலே இருந்த ஆளு, அவளுக்கு அந்த வேலையே அருவருப்பு, திரும்பி அந்தப் பக்கம் எட்டிப் பாக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சுதாம்.

— சரி, அதுக்கு இப்பம் என்ன?

— கடையிலே இருந்த ஆளு நீங்கதானா?

— அது எப்பமோ நடந்தது, நேசம்.

— நீங்கதானான்னு கேட்டேன்.

— நான்தான்.

— கடைக்குப் பின்னாலேயாக்கும் வீடு. ஒரு சத்தம் கொடுத்திருந்தா நான் வந்திருப்பேன். அந்த வெயிலிலே வந்த மனுசனுக்கு ஒரு வாய் வெள்ளம் குடுத்திருப்பேன். அன்னைக்கு ராத்திரி என் கையாலே சோறு வாங்கித் தின்னிய. ஒண்ணும் பறயல்லே.

— எப்படிச் சொல்லுவேன்? நீ அங்க போனா திரும்பி வரமாட்டேன்னு தோணிச்சு. நான் துணி அளந்துட்டிருப்பேன், வந்தவ ஏதோ கேப்பா, எனக்குக் காதிலே ஏறாது. நீ இப்பம் எந்த ஜன்னல்லே நிக்கியோ, யாரு உன்னைப் பாக்கானோன்னே இருக்கும். கெட்ட குணம்தான். அதுக்கு நான் என்ன செய்யட்டும்? உன் மேலே உள்ள ஆசையாலேதானே?

— ஆசையாத்தான் இருக்கும். நான் இல்லேன்னு சொல்லல்லே.

— பின்னே என்ன?

— நேத்து சிரிச்சதைக் கேட்டியளே. அப்பம் எனக்கு அது ஆணா பெண்ணான்னு தெரியாது. தனக்குத் தெரிஞ்ச வேலையை ஒரு ஆளு செய்யிதது தெரிஞ்சுது. அதிலே கையை விட்டுட்டுச் சிரிக்கவும் முடியுது. சிரிச்சேன், ஆனா உள்ளே எரிஞ்சுது. நீங்க பொறாமைப்பட்டதை விட நான் அதிகமா பொறாமைப்பட்டேன். பொறவு கூடாரத்திலே அவ புருசன் பாயிலே கெடந்துட்டு, வலிக்குதா ஓமனே, வலிக்குதான்னு கேட்டுட்டே இருந்தாரு. எனக்கு அதையும் தாங்க முடியல்லே.

— சரி, சரி. பொது இடத்திலே கண்ணைத் துடச்சிட்டு இருக்காதே, நாலு பேரு பாக்கான். ஊருக்குப் போயி எல்லாத்தையும் பேசுவோம். கோயில்லே போதகரை வச்சு வேணும்னாலும் பேசுவோம். அன்னா நம்ம பஸ்ஸு வந்துட்டு. எழும்பு. ஜன்னல் பக்கம் வேண்டாம், நீ உள்ளே தள்ளி இரு, நான் வெளியே இருக்கேன். பெட்டியை நான் எடுத்துக்கிடுதேன்.

— எடுத்துக்கிடுங்க, அதிலே உங்க துணி மட்டும்தான் இருக்கு. நீங்க ஏறி இருங்க. நான் நெய்யூர் பஸ்ஸுக்காக்கும் நிக்கியேன்.