பிரெஸ்பா ஏரியைப் பிறப்பிடமாகக் கொண்ட இருவர்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர், மலேசியா தந்த மாணிக்கம், அந்தோணி அங்கிள் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பட்டுச்சேலை பளபளக்க, பாயசம் எப்போது வருமென்று பார்த்திருக்கும் தாய்மார்களே! ஃபோனிலே கண்ணை வைத்து, ஒரு காதை மட்டும் மேடைக்கு ஒதுக்கிய இளையோரே! மணமகள் நிரூபாவின் தாய்மாமன் விக்னராஜாவின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகட்டும்!

வணக்கம் முடிந்துவிட்டதா? இல்லை. இன்னும் இரண்டு பேர் மிச்சம். அந்த இரண்டு பேரை எப்படி விளிப்பது என்று தெரியாமல்தான் ஒரு மாதமாக எனக்கு நித்திரை இல்லை.

இடப்பக்கம் பாருங்கள். எங்கள் அயலவர், கிரேக்கத்துப் பெருமாட்டி டெஸ்பினா அன்ரி. என் அக்காவும் அத்தானும் ஷிஃப்ட் வேலைக்கு ஓடிய காலத்தில், நிரூபாவுக்குச் சோறூட்டி, தலை வாரி இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பியவர். வலப்பக்கம் பாருங்கள். மாப்பிள்ளை கோரனைத் தோளிலே தூக்கி வளர்த்த ரிஸ்டோ தாத்தா. இருவருக்கும் இடையிலே எத்தனை மேசை! இந்த மெல்பேர்ன் டார்னெய்ட் மண்டபத்திலே அதைவிடத் தூரமாக இருத்த இடமில்லை என்று மண்டபக்காரரே கையை விரித்துவிட்டார்.

ஏன் இந்தத் தூரம்? நிச்சயதார்த்தத்திலே நம் தலைவர் ஆற்றிய உரைதான் காரணம். கோபிக்காதையுங்கோ அங்கிள்! ரிஸ்டோ தாத்தாவை வரவேற்க எழுந்தவர் சும்மா வரவேற்றாரா? "மாவீரன் அலெக்சாந்தரை ஈன்ற மசிடோனிய மண்ணின் மைந்தரே!" என்று முழங்கினார். நாங்கள் கைதட்டினோம். பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுப் பிள்ளை வர்ஷா அதை அன்ரிக்கு வரிக்கு வரி ஆங்கிலத்திலே சொல்லிக் கொடுத்தாள். டெஸ்பினா அன்ரி எழுந்தார். தான் கொண்டுவந்த பக்லாவா இனிப்புத் தட்டைத் தூக்கினார். போயே விட்டார்! ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை, ஐயா!

நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று வர்ஷா, "வடக்கு மசிடோனியா என்பதுதான் சரியான பெயர், தாத்தா" என்றாள். ரிஸ்டோ தாத்தா தொப்பியை எடுத்தார். அவரும் போய்விட்டார்!

பிறகு இரண்டு பக்கமிருந்தும் சேதி வந்தது. வடக்கு இல்லாமல் அந்தப் பெயரைச் சொன்னால் அன்ரி எழும்புவார். வடக்கைச் சேர்த்துச் சொன்னால் தாத்தா எழும்புவார். நிரூபா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமா, ரெண்டு பேரும் கடைசி மட்டும் இருக்கோணும். ஒராள் எழும்பிப் போனாலும் ஐ கான்ட், மாமா."

பெயரிலே அப்படி என்ன இருக்கிறது? ரிஸ்டோ தாத்தாவைக் கேளுங்கள்! அவர் பிறந்தபோது அது ஒரு ராச்சியத்தின் மூலை. தவழ்ந்தபோது பக்கத்து நாட்டுப் படை வந்து குந்தியது. பள்ளிக்கூடம் போனபோது மக்கள் குடியரசு. கல்யாணம் கட்டியபோது சோசலிசக் குடியரசு. இங்கே மெல்பேர்னிலே தோமஸ்டவுனுக்கு வந்து தக்காளி நட்டபிறகு வெறும் குடியரசு. ஐ.நா. சபை 'முன்னாள் யூகோஸ்லாவிய' என்று ஓர் அடைமொழி கொடுத்தது. கடைசியில் 'வடக்கு' வந்து சேர்ந்தது. தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் யார் கேட்டார்கள்?

டெஸ்பினா அன்ரியைக் கேளுங்கள்! "எங்கள் நாட்டின் வடபகுதிக்குப் பெயரே மசிடோனியா. அலெக்சாந்தர் எங்கள் பிள்ளை. என் வீட்டுப் பெயரை அடுத்த வீட்டுப் படலையிலே எழுதினால் நான் பார்த்துக்கொண்டிருப்பேனா?" என்கிறார்.

சிரிக்காதீர்கள்! நாங்கள் யார்? சிலோனிலே பிறந்து, சிறீலங்காவிலே படித்து, கடவுச்சீட்டிலே 'சனநாயக சோசலிசக் குடியரசு' என்று சுமந்து வந்தவர்கள். தலைவர் மலாயாவிலே பிறந்து மலேசியாவிலே வளர்ந்தவர். இந்த மேடையிலே நான் 'சிறீலங்கா' என்றால் நாலு பேர் எழும்புவீர்கள். 'ஈழம்' என்றால் வேறு இரண்டு பேர் எழும்புவீர்கள். என்ன சுஜீதன், உண்மைதானே? வர்ஷா, இதை மொழிபெயர்க்காதை பிள்ளை! பெயர் நோகும், ஐயா. நொந்தவர்களுக்குத்தான் அது தெரியும். எனக்கும் நொந்திருக்கிறது.

போன கிழமை காரிலே வானொலி கேட்டுக்கொண்டு போகிறேன். "இணுவிலைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்னை வதிவிடமாகவும் கொண்ட..." ஐயோ, நல்ல நாளிலே மரண அறிவித்தலா என்று யோகா அக்கா தலையிலே கை வைக்கிறா! பொறுங்கோ அக்கா. அந்த வசனத்திலே பிறந்த நாட்டின் பெயரை என்றைக்காவது கேட்டதுண்டா? இணுவில் உண்டு, கரவெட்டி உண்டு, நாடு உண்டா? சண்டை பிடிக்கும் நாங்கள் எல்லோரும் அந்த ஒரு வசனத்திலே சமாதானமாகத்தானே இருக்கிறோம்! அதைக் கேட்க உயிர் போகும்வரை ஏன் காத்திருக்கவேண்டும்?

காரைத் திருப்பினேன். இருவர் வீட்டுக்கும் போனேன். எங்கள் சனம் யாரைக் கண்டாலும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "நீங்கள் எவடம்? நாடு வேண்டாம். ஊர்." தாத்தா சொன்னார், பிரெஸ்பா ஏரிக்கரை. அன்ரி சொன்னார், பிரெஸ்பா ஏரிக்கரை! எல்லைக்கோடு தண்ணீருக்கு நடுவாலே போகிறதாம். 'வடக்கு' சேர்க்க இரண்டு நாடும் செய்த பெயர் ஒப்பந்தத்தைக்கூட அந்தக் கரையிலே வைத்துத்தான் எழுதினார்களாம். நாட்டுக்கு எத்தனை பெயர் வந்தாலும் இரண்டு பேர் வாயிலும் ஏரிக்கு ஒரே பெயர்.

வர்ஷா, இனி உரக்க மொழிபெயர்! இதோ என் மிச்ச வணக்கம்!

பிரெஸ்பா ஏரிக்கரையைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்னை வதிவிடமாகவும், நிரூபாவின் நெஞ்சை நிரந்தர இருப்பிடமாகவும் கொண்ட டெஸ்பினா அன்ரி அவர்களே! பிரெஸ்பா ஏரிக்கரையைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்னை வதிவிடமாகவும், கோரனின் நெஞ்சை நிரந்தர இருப்பிடமாகவும் கொண்ட ரிஸ்டோ தாத்தா அவர்களே! எங்கள் வழக்கப்படி நீங்கள் இருவரும் ஊர்ச்சனம். ஊர்ச்சனம் என்றால் சொந்தம். பிள்ளைகளை வாழ்த்த இருவரும் சேர்ந்து மேடைக்கு வாருங்கள்!

அன்ரி எழும்புகிறார்... கைப்பையைக் கதிரையிலே வைத்துவிட்டார்! பார்த்தீர்களா, வைத்துவிட்டார்! தாத்தாவும் வருகிறார். நிரூபா, அழாதை பிள்ளை, மை கரையுது.

என்ன தாத்தா? அன்ரி, நீங்களும் ஏன் கையை ஆட்டுகிறீர்கள்? என்ன வர்ஷா, என்னவாம்? ஏரி மீன் எந்தக் கரையிலே ருசி என்று சண்டையாம்! அப்பாடா! பிடியுங்கள் ஐயா, நன்றாகப் பிடியுங்கள். இந்தச் சண்டைக்கு யாரும் எழும்பிப் போகத் தேவையில்லை, சாப்பிட்டுக்கொண்டே பிடிக்கலாம்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், திட்டாமல் சிரித்த தலைவருக்கும் என் நன்றி. பாயசம் வந்துவிட்டது. எல்லா ஊராருக்கும் வணக்கம்!