அக்காவின் முதுகு

எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் பள்ளியில் ஒரு வாரம் முதலுதவிப் பயிற்சிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அதனால் ஆய்வகத்தில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் நான் டாக்டரம்மா ஆகிவிட்டேன்.

கடிபட்டுச் செத்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. வராந்தா முழுக்க அவர்கள்தான். ஜன்னல் வழியே குழாயைப் பிடித்து ஏறி, மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எடுத்து வருகிறவர்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, கடி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிடுவோம். அப்படிப் பூட்டிய இரண்டு பேர் மறுநாளே மாறிவிட்டார்கள். கால்பந்து கேப்டன்தான் அவர்களை முடித்துவைத்தான்.

அன்று காலை அக்கா சொன்னாள். "நாளைக்குக் குழாய் வழியா இறங்கிப் போறேன்டி. ஆளுங்களக் கூட்டிட்டு வந்துடுறேன். இந்தக் கால வெச்சிக்கிட்டு உன்னால வர முடியாது."

என் கணுக்கால் பிசகியிருந்தது உண்மைதான். அப்பாவும் இப்படித்தான் போனில் வந்துவிடுகிறேன் என்றார்.

மதியம் தண்ணீரோடு வந்தவள் திரைக்குப் பின்னால் திரும்பி நின்றாள். முதுகில் துருப்பிடித்த குழாய் கீறிய ஒரு கோடு, அவ்வளவுதான். தன் முதுகை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது.

"இருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு தானாகவே உள்ளே போனாள். பூட்டி, சாவியை நான் வைத்துக்கொண்டேன்.

மறுநாளும் தெளிவாகப் பேசினாள். "எனக்கு ஒண்ணும் ஆகலடி. கதவத் திற."

கேப்டன் தயங்கினான். "உங்க அக்கா நல்லாத்தானே பேசுறாங்க?"

"சிலருக்கு லேட்டாகும்."

டாக்டரம்மா சொன்னால் மறுபேச்சு ஏது? தண்ணீராவது கொடுக்கலாமா என்றான். இருப்பது மற்றவர்களுக்கே போதாது என்றேன். அது நியாயம்தானே.

திறந்திருக்கலாம். திறந்தால் பொய் வெளிப்படும், அவளும் போய்விடுவாள். எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது. பகலெல்லாம் கதவில் சாய்ந்து உட்கார்ந்து, சின்ன வயதுக் கதைகளை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூட்டிய நான்காம் நாள் அவள் குரல் கரகரத்து வெறும் முனகலாகிவிட்டது. "மாறிட்டாங்க, சாவியக் குடு" என்றான் கேப்டன். கொடுக்கவில்லை.

ஆறாம் நாள் நீங்கள் எங்களை மீட்க வந்து அந்தக் கதவை உடைத்தீர்கள். உடம்பில் கடியே இல்லை என்று உங்கள் மருத்துவர் சொன்னது சரிதான். எனக்கு அது முதல் நாளே தெரியும்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் என்னை விட்டுப் போனார்கள். என் அக்கா மட்டும்தான் கடைசிவரை என்னோடு இருந்தாள்.